சேலை மடித்துத் தரப்படும்

கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிரஸ் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், ஃப்ளெக்ஸ் எல்லாம் உண்டு. என்னிடம் வருகிறவர்கள் எல்லாருமே தங்களைக் கொஞ்சம் பெரிதாக்கித்தான் கேட்பார்கள். பழைய டிராக்டர் ஒன்றை வாடகைக்கு விடுகிறவர் 'தொழிலதிபர்' என்று போடச் சொல்வார். வார்டு தேர்தலில் தோற்றவர் 'மக்கள் சேவகர்' ஆவார். காதணி விழாவுக்குக் கைக்குழந்தையின் படத்தில் கூலிங் கிளாஸ் மாட்டி 'வருங்கால கலெக்டர்' என்று போடச் சொன்ன தாய்மாமன்கள் ஏராளம். நானும் மறுபேச்சு பேசாமல் போட்டுக் கொடுத்துவிடுவேன். ஃப்ளெக்ஸுக்குச் சதுர அடிக் கணக்குதான், ஆசைக்குத் தனி ரேட் கிடையாது.

செய்கிற வேலையைக் கூட்டாமல் குறைக்காமல் உள்ளபடி போடச் சொன்னது இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு ஆள்தான். அவள் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அது விளம்பரம் ஆகிவிடும். விளம்பரத்துக்கு நான் காசு கேட்பேன், அவள் "நானா போடச் சொன்னேன்?" என்பாள், வாய்த் தகராறு வரும். அவளிடம் வாயைக் கொடுத்து ஜெயித்தவர்கள் இந்த ஊரில் கிடையாது.

முதல் தடவை கடைக்கு வந்தது ஒரு மத்தியான வேளை. சுடிதார் துப்பட்டாவின் ஓரத்தில் துணி காயப்போடும் கிளிப்புகள் வரிசையாகக் கடித்துக்கொண்டு தொங்கின. மறந்துபோய் மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அது மறதி இல்லை, அவள் எப்போதுமே அப்படித்தான் திரிவாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

"அண்ணே, ஒரு போர்டு வேணும்."

"என்ன கடைம்மா?"

"சேலை மடிச்சுக் குடுக்குற கடை."

எனக்கு அப்போது அது புதிது. அவளே சொன்னாள். பட்டுச் சேலையைக் கல்யாணத்தன்று உட்கார்ந்து நிதானமாகக் கட்டிக்கொள்ள இப்போது யாருக்கும் பொறுமை இல்லை, பாதிப் பேருக்குக் கட்டவும் தெரியாது. ஆளின் உயரம், இடுப்பளவு பார்த்து, கொசுவத்தையும் முந்தியையும் முதல் நாளே மடிப்பெடுத்து, இஸ்திரி போட்டு, ஊக்குக் குத்திப் பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டால், காலையில் எடுத்துச் சுற்றிக்கொண்டு போய் மணையில் உட்கார வேண்டியதுதான்.

"அப்ப 'பிரைடல் சாரி ஸ்டுடியோ'ன்னு போட்டுருவோம்" என்றேன். "பக்கத்துல ஒரு பொண்ணு படம். ஜம்முன்னு இருக்கும்."

"அதைப் படிச்சுட்டு உள்ள வந்து, இது என்ன கடைன்னு கேப்பாங்கண்ணே. 'சேலை மடித்துத் தரப்படும்'. கீழ போன் நம்பர். அவ்வளவு போதும்."

"லாண்டரிக் கடை மாதிரி இருக்குமேம்மா?"

"இருக்கட்டுமே. லாண்டரிக்காரரு என்ன திருடியா பொழைக்கிறாரு?"

தகரப் பலகை ஒன்றை எடுத்தேன். சிவப்பில் வெள்ளை எழுத்து. அடித்துக் கொடுத்தேன். வாங்கித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஸ்கூட்டியில் காலடியில் வைத்துக்கொண்டு போனாள்.

அவளுடைய அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், 'செயலாளர்' என்றால் அவர்தான். வெள்ளைச் சட்டை, பையில் பேனா, நிமிர்ந்த நடை. அவர் வீட்டுக் காம்பவுண்டு கேட்டில்தான் அந்த போர்டு தொங்கியது. காலையில் பால் வாங்க வெளியே வரும்போது போர்டைத் திருப்பி, எழுத்தில்லாத பக்கம் தெருவுக்குத் தெரியும்படி மாட்டிவிட்டுப் போவார். அவள் எழுந்து வந்து திருப்பி மாட்டுவாள். சாயங்காலம் அவர் நடைபயிற்சிக்குக் கிளம்பும்போது மறுபடி அது வெறும் தகரமாகிவிடும். இரண்டு பேரும் இதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லையாம். பேசாமலேயே அப்படி ஒரு சண்டை. அந்தத் தெருவழியாகப் போகிறவர்கள் போர்டைப் பார்த்தே, இப்போது வீட்டில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள்.

அவள் கணக்கில் எம்.எஸ்ஸி., கூடவே பி.எட். ஒரு தனியார் பள்ளியில் கொஞ்ச காலம் வேலை பார்த்தாள். எல்லாத் தனியார் பள்ளி டீச்சர்களையும் போல அவளையும் மே மாத வெயிலில் வீடு வீடாகப் பிள்ளை பிடிக்க அனுப்பினார்கள். "எங்க ஸ்கூல்ல சேத்துவிடுங்க, வேன் வாசலுக்கே வரும்" என்று சொல்லிக்கொண்டு கதவு கதவாகத் தட்டவேண்டும். இரண்டாவது மே மாதத்தில் நின்றுவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு ஒரே பதில்தான் சொல்வாள்.

"வீடு வீடாப் போயி நிக்கிறதுன்னு ஆயிப்போச்சு. அதை எனக்காக நின்னா என்னண்ணே?"

"இவ்வளவு படிச்சுட்டு இப்படியா?" என்று அவளைக் கேட்காதவர்கள் இல்லை. நான் டிப்ளமோ முடித்து, சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்துவிட்டு வந்து இந்தப் பிரஸ்ஸை ஆரம்பித்தபோது என்னை யாரும் அப்படிக் கேட்கவில்லை. 'சொந்தமாத் தொழில் பண்றாப்ல' என்று சொல்லித்தான் எனக்குப் பெண் கொடுத்தார்கள். ஆண் செய்தால் தொழில், பெண் செய்தால் பொழுதுபோக்கு. இந்த நியாயத்தை எழுதிவைத்தவனை எங்கேயாவது பார்த்தால் இரண்டு வார்த்தை கேட்கவேண்டும்.

பட்டுக்கு எவ்வளவு சூடு வைப்பது, ஜரிகை மேல் எந்தத் துணி போட்டுத் தேய்ப்பது என்பதையெல்லாம் கடைத்தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம் போய்த்தான் கற்றுக்கொண்டாள். ஒளிவு மறைவாக இல்லை, நட்ட நடுத் தெருவில், பட்டப்பகலில் அவர் வண்டியில் நின்று தேய்த்துப் பழகினாள். "சும்மா சொல்லித் தராதீங்கண்ணே, ட்யூஷன் மாதிரிதான்" என்று ஒவ்வொரு நாளும் அவர் கையில் எதையாவது திணித்துவிட்டுத்தான் வருவாள். செயலாளரின் பங்காளிகளுக்கு இது நெஞ்சில் ஏறி மிதித்த மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

"ஊரான் வீட்டுத் துணியத் தேய்க்கிற வேலைய நம்ம வகையறாவுல எவனும் செஞ்சதில்ல" என்றார் ஒரு பெரியப்பா.

"ஆமா பெரியப்பா. அந்த வேலையச் செய்யிறவங்கதான் இத்தனை காலமும் நம்ம வாசல்ல வந்து நின்னாங்க. அவங்க வண்டிகிட்டப் போயி ஒரு நாள் நான் நின்னா, எனக்கு எது கொறஞ்சுபோச்சு?"

பெரியப்பா காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார். அந்தக் காப்பியையும் அவளே குடித்தாளாம். "பால் விக்கிற வெலையில அதைக் கீழ ஊத்தவா?" என்று என்னிடம் கேட்டாள்.

தெருவில் நடந்தால் பெண்களின் முகத்தைப் பார்க்கமாட்டாள், கொசுவத்தைத்தான் பார்ப்பாள். பஸ்ஸில் முன்பின் தெரியாத அம்மாவின் தோளில் முந்தி கோணியிருந்தால் தானாகவே கை போய்விடும். "நில்லுங்கம்மா" என்று தன் துப்பட்டாவிலிருந்து ஒரு கிளிப்பை எடுத்து மாட்டி, சரியாக இழுத்துவிட்டு, "இதுக்குக் காசு வேணாம், என் கண்ணு வலிச்சுச்சு, அதான்" என்பாள். அந்தக் கிளிப்போடு அந்த அம்மாள் இறங்கிப் போய்விடும்.

தவறு செய்யாதவளும் இல்லை. ஒரு தடவை ஆவுடையார்கோவிலில் கல்யாணம். பெண்ணுக்கு வீட்டில் வைத்து அளவெடுத்தாள். அந்தப் பெண் குதிகால் செருப்பு போட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. கோயிலுக்குள் யார் செருப்போடு போவார்கள்? வெறுங்காலில் நின்றதும் பட்டு நாலு விரல் தரையில் புரண்டது. பெண் வீட்டுக்காரர்கள் கையைப் பிசைய, ஒரு தூண் ஓரத்தில் பெண்ணை நிறுத்தி, நாலு பேரைச் சுற்றிச் சேலை பிடிக்கச் சொல்லி, ஊக்கை எல்லாம் உருவி அத்தனை கொசுவத்தையும் திரும்ப எடுத்திருக்கிறாள். இஸ்திரிப் பெட்டிக்கு அங்கே எங்கே போவது? விரலாலேயே நீவி நீவி மடிப்பை நிறுத்தினாளாம். இந்தக் கதையை வேறு யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவளேதான் வருகிற போகிற எல்லாரிடமும் சொல்வாள். அதற்குப் பிறகு யார் சேலை கொண்டுவந்தாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி, "செருப்பா, வெறுங்காலா?" என்பதுதான்.

அவளுக்கு உலகத்திலேயே பிடிக்காத சொல் 'சும்மா'. "சும்மா கொஞ்சம் மடிச்சுக் குடு" என்று எவராவது சொல்லிவிட்டால் தீர்ந்தது. அவளுடைய அத்தை, அதாவது செயலாளரின் தங்கை, அப்படித்தான் மாட்டிக்கொண்டார். தன் மகளின் சடங்குக்கு ஃப்ளெக்ஸ் அடிக்க என் கடைக்கு வந்தவர், போட்டோவைக் கொடுக்கிறதுக்கு முன்னாலேயே புலம்பலை ஆரம்பித்துவிட்டார்.

"நாலஞ்சு சேலைதான் தம்பி. சும்மா வந்து மடிச்சுக் குடுத்துட்டுப் போ ஆத்தான்னேன். 'சமையக்காரருக்கு வெத்தல பாக்கு வச்சுட்டீங்களா அத்தை'ன்னா. வச்சாச்சுன்னேன். 'மேளத்துக்கு?' வச்சாச்சு. 'போட்டோக்காரருக்கு?' அவருக்கும் வச்சாச்சுன்னேன். 'அப்ப எனக்கு?'ன்னு கேக்குறா தம்பி! சொந்த அத்தைகிட்ட!"

"கேட்டா வச்சுரவேண்டியதுதானேம்மா?"

"என் அண்ணன் மகளுக்கு வெத்தல பாக்கு வைக்கவா? அவ என்ன வேலைக்காரியா?"

"அதைத்தாம்மா அந்தப் பிள்ளையும் சொல்லுது" என்றேன். அத்தை என்னை முறைத்துவிட்டு, ஃப்ளெக்ஸில் தன் பெயரைப் பெரிதாகப் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

சடங்கன்று நானும் மொய் எழுதப் போயிருந்தேன். அவளும் வந்திருந்தாள், உறவுக்காரியாக. நல்ல சேலை கட்டி, முதல் வரிசையில் உட்கார்ந்து, பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தாள். சேலைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தாய்மாமன் செயலாளர்தானே, அவர் சீர் வந்து இறங்கியது. வயதுக்கு வந்த பிள்ளைக்கு அதுதான் முதல் பட்டுச் சேலை. யாரோ சுற்றிவிட்டிருந்தார்கள். அறையை விட்டு நாலடி வைப்பதற்குள் கொசுவம் மொத்தமும் கழன்று, பிள்ளை அதை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டது. மைக்கில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மேளக்காரர் அடித்த இடத்திலேயே அடித்துக்கொண்டிருக்கிறார்.

அத்தை நேராகச் சமையல்கட்டுப் பக்கம் போனார். ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், அதன் மேல் பணம் வைத்து எடுத்துவந்து, அத்தனை சனத்துக்கு முன்னால் மருமகள் முன் நீட்டினார். முகம் கடுகடு என்று இருந்தது. அவள் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள் பாருங்கள் ஒரு போக்கு! பாட்டு ஒன்று முடிவதற்குள் அந்தப் பிள்ளை வெளியே வந்தது. கொசுவம் விசிறி மாதிரி விரிந்து விரிந்து மூடியது. பிள்ளை அழுத கண்ணோடு சிரித்துக்கொண்டே நடந்தது. எனக்கு அன்றைக்கு உள்ளூர அப்படி ஒரு சந்தோஷம். மொய்யில் ஐம்பது ரூபாய் கூடவே எழுதிவிட்டு வந்தேன்.

ஆனால் சந்தோஷம் எல்லாம் என்னைப் போலத் தூரத்தில் நின்று பார்க்கிறவர்களுக்குத்தான். வீட்டில் செயலாளர் நாளுக்கு நாள் ஒடுங்கிக்கொண்டிருந்தார். வந்த வரன்கள் எல்லாம் 'பொண்ணு என்ன செய்யுது?' என்கிற கேள்வியோடு திரும்பிப் போயின. பெண்ணைப் பெற்றவருக்கு அது சாதாரண வேதனை இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். கடைசியில் கீரனூரில் ஒரு வரன் அமைந்தது. மாப்பிள்ளை தினமும் பஸ் ஏறித் திருச்சிக்குப் போய்க் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். நிச்சயம் முடிந்தது, மண்டபம் பேசியாயிற்று. அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. அந்த நாட்களில் பிரஸ்ஸுக்கு வந்தால் காரணம் இல்லாமல் சிரிப்பாள். திருச்சி ரோட்டில் கல்யாண மண்டபங்கள் அதிகம், கீரனூரில் உட்கார்ந்தால் வேலை இரண்டு மடங்காகும் என்று கணக்கெல்லாம் போட்டு வைத்திருந்தாள்.

பத்திரிகை அடிக்கச் செயலாளர் வந்தார். பிள்ளையார் பொறித்த நல்ல கார்டாகப் பார்த்து வாங்கினார். வாசகம் சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். எங்கள் பக்கத்தில் பத்திரிகை என்றால் பெயருக்குப் பின்னால் படிப்பு, பெயருக்குக் கீழே வேலை, இரண்டும் கட்டாயம். வேலை சிங்கப்பூரில் என்றால் 'சிங்கப்பூர்' என்று மட்டும் போட்டால் போதும், அங்கே என்ன வேலை என்று இந்த ஜில்லாவில் ஒருவரும் கேட்கமாட்டார்கள். மாப்பிள்ளை பெயருக்குக் கீழே கம்பெனியின் பெயர் வந்தது. மகளின் பெயரைச் சொல்லி, படிப்பைச் சொல்லி, சற்று நிறுத்தி, "கீழ ஆசிரியைன்னு போடுங்க தம்பி" என்றார்.

"ஐயா, அது இப்ப..."

"போடுங்க தம்பி. கல்யாணம் நல்லபடியா முடியட்டும்."

போட்டேன். மறுநாள் ப்ரூஃப் பார்க்க அப்பாவும் மகளும் சேர்ந்து வந்தார்கள். அவள் நின்றபடியே படித்தாள். அந்த வரிக்கு வந்ததும் தாளை மேஜையில் வைத்தாள்.

"அப்பா, இது என்ன?"

"மாப்பிள்ளை வீட்டுல அப்படிப் போடச் சொன்னாங்கம்மா."

"என் வேலை அவங்களுக்குத் தெரியும்னுதானே சொன்னீங்க?"

"தெரியும். தெரிஞ்சுதான் சொன்னாங்க."

அவள் அங்கேயே போனை எடுத்து மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் போட்டாள். எங்கள் இருவருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தாள். அந்த மனிதர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார், குரலில் கடுமையே இல்லை.

"ஆமாம்மா, நான்தான் சொன்னேன். நீ அதை வேணாம்னு யாரும் சொல்லலயே. கல்யாணத்துக்குப் பொறவு வீட்டோட இருந்து சும்மா பொழுதுபோக்கா செஞ்சுக்க. பத்திரிகை நாலு பேரு கைக்குப் போறது. நம்ம சனம் ஒரு மாதிரி பேசும்."

"மாமா, மாப்பிள்ளை பேருக்குக் கீழ ஒரு கம்பெனி பேரு இருக்கு. அந்தக் கம்பெனி என்ன செய்யுதுன்னு எங்க சனத்துல ஒருத்தருக்கும் தெரியாது. யாரும் கேக்கப் போறதும் இல்ல. என் வேலை ஊருக்கே தெரியும். அதைப் போட ஏன் மாமா கூசுறீங்க?"

"கூச்சம் இல்லம்மா. ஒரு மரியாதைக்கு..."

"மறைச்சு வச்சாத்தான் மரியாதைன்னா, அந்த மரியாதை எனக்கு வேணாம் மாமா. பெரியவங்க, கோவிச்சுக்காதீங்க. இந்தப் பத்திரிகை இப்படி அச்சாகாது."

"அப்ப ஒங்க இஷ்டம்மா" என்று போனை வைத்துவிட்டார். அவள் விடவில்லை, மாப்பிள்ளைக்கே போட்டாள். பஸ்ஸில் இருந்தார் போல, ஹாரன் சத்தத்துக்கு நடுவே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அப்பா என்ன சொல்றாங்களோ அதுதாங்க" என்றார். "சரிங்க" என்று இவளே வைத்துவிட்டாள்.

செயலாளர் பேப்பர் பண்டல் மேல் உட்கார்ந்துவிட்டார். "ஊருக்கு நான் என்னன்னு சொல்லுவேன்?" என்று தரையைப் பார்த்துக் கேட்டார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். கிளிப் கன்னத்தில் கீறியிருக்க வேண்டும், ஒரு சிவப்புக் கோடு விழுந்திருந்தது. அவள் அழுது நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். தண்ணீர் கொடுத்தேன். முழுப் பாட்டிலையும் குடித்து முடித்தாள்.

"அண்ணே, இந்தக் கார்டைத் திருப்பி எடுத்துக்குவீங்களா?"

"கட்டைப் பிரிச்சாச்சேம்மா."

"அப்ப இதுலயே அடிங்க."

"என்னத்தை?"

"கடைத் திறப்பு விழா. அதே தேதி, அதே முகூர்த்தம். பட்டுக்கோட்டை ரோட்டுல ஒரு கடை பாத்து வச்சிருக்கேன். கீரனூர் போறோமேன்னு விட்டுட்டேன். இப்ப எங்கிட்டும் போகல."

நின்றபடியே வாசகம் சொன்னாள். கடைசியில், "மொய் தவிர்க்கவும். மடிக்க வேண்டிய சேலை இருந்தால் கொண்டுவரவும்" என்று முடித்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் மண்ணில் மொய் இல்லாத விசேஷமா? பத்திரிகை வந்த வீடுகளுக்கெல்லாம் போய் மொய் செய்துவிட்டு, தன் வீட்டு விசேஷத்தில் அதெல்லாம் திரும்பி வரும் என்று காத்திருக்கிற ஊர் இது. செயலாளரும் பல வருஷமாகச் செய்துவைத்துவிட்டு, இந்த ஒரு கல்யாணத்துக்காகத்தான் காத்திருந்தார்.

"யோசிச்சுக்கம்மா" என்றேன்.

"கல்யாணத்துக்குச் செய்யிறதுக்குப் பேரு மொய். என் வேலைக்கு மொய் எதுக்குண்ணே? வேலை குடுத்தாப் போதும்."

அழைப்பவர் என்ற இடத்தில் தன் பெயரை மட்டும் சொன்னாள். செயலாளர் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்து போய்விட்டார்.

மறுநாள் காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போதே அவர் வாசலில் நின்றார். அடிக்காதே என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மகள் பக்கம் நிற்பதா, அப்பா பக்கம் நிற்பதா என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அடிச்சாச்சா?"

"இன்னும் இல்லைங்கய்யா."

"எடுங்க, பாப்போம்."

திரையில் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தார். மொய் வரியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தாண்டினார்.

"கீழ அவ பேரு மட்டும் இருக்கு. பாக்குறவன் அப்பன் செத்துட்டான்னு நெனைக்கமாட்டானா? என் பேரை மேல போடுங்க."

போட்டேன். "ஓய்வு பெற்ற செயலாளர்னு கீழ போடவாங்கய்யா?"

"போடுங்க." திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு வேலையப் போட்டுட்டு அவளுக்குப் போடாம விட்டா எப்படி?"

"என்னன்னு போடங்கய்யா?"

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"சேலை மடிப்பவர்" என்றார். "உள்ளதைத்தானே தம்பி போடணும்?"

கார்டின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி அவரே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். பங்காளிகள் என்ன கேட்டார்கள், அவர் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. பெரியப்பா வீட்டில் அவரும் காப்பி குடிக்காமல் எழுந்து வந்ததாக மட்டும் கேள்வி.

அந்த முகூர்த்தத்தில் பட்டுக்கோட்டை ரோடு அடைத்துக்கொண்டது. பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். பிள்ளையாரையும் மஞ்சளையும் பார்த்துவிட்டு, உள்ளே படிக்காமல் கல்யாணம் என்றே நினைத்துக் குக்கரோடு வந்த ஒருவரும் உண்டு. பெண்கள் மட்டும் ஒழுங்காகப் படித்திருந்தார்கள். அக்குளில் ஒரு துணிப்பை, அதற்குள் ஒரு சேலை. அவள் தன் காசில் எடுத்த அரக்குப் பட்டில், மணப்பெண் மாதிரியேதான் நின்றாள். பரிதாபப்பட வந்தவர்கள், அந்தக் கொசுவத்தைப் பார்த்துவிட்டுப் பரிதாபத்தை மறந்துபோனார்கள். கடை வாசலில் அந்தப் பழைய சிவப்பு போர்டுதான். எழுத்துப் பக்கம் தெருவைப் பார்த்து, நாலு மூலையிலும் ஆணி அடித்து இறுக்கியிருந்தது. திருப்ப முடியாது. ஆணி அடித்தது யார் என்று நான் கேட்கவில்லை, செயலாளரின் கட்டை விரலில் பிளாஸ்திரி இருந்தது.

இப்போது அவள் புதுக்கோட்டை டவுனில் பெரிய கடை போட்டிருக்கிறாள். கல்யாணம் ஆயிற்றா என்று என்னிடம் கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது அவள் பாடு, அவளைப் போய்க் கேட்கட்டும். கேட்டுவிட்டு முழுசாகத் திரும்பி வரட்டும், பார்ப்போம்.

கடைத் திறப்பன்று முதல் சேலையைக் கொண்டுவந்து வைத்தது அத்தைதான். கேட்காமலேயே அதன் மேல் வெற்றிலை பாக்கு இருந்தது. அவள் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிவிட்டு, சேலையை உதறி நீள மேஜையில் விரித்தாள். கனமான பட்டு. மறுமுனை வழுக்கி வழுக்கிக் கீழே போயிற்று. வந்தவர்களை வாசலில் கைகூப்பி வரவேற்றுக்கொண்டிருந்த செயலாளர் அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"நான் வேணா சும்மா அந்தப் பக்கம் பிடிச்சுக்கவாம்மா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சும்மா எல்லாம் பிடிக்க வேணாம்ப்பா. கூலி உண்டு."

கூட்டமே சிரித்தது. செயலாளர் சிரிக்கவில்லை. பையிலிருந்த பேனாவை எடுத்து மேஜை ஓரத்தில் வைத்தார். வெள்ளைச் சட்டையின் கைகளை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு, முந்தியின் இரண்டு நுனியையும் பிடித்தார்.

"நல்லா இழுத்துப் பிடிங்க" என்றாள் அவள்.